கடல்மேடையும் பூமியதிர்ச்சியும்

‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பது நம் முன்னோர் மொழி. ஆற்றில் இறங்குவோனுக்குச் சொல்லப்பட்ட இவ்வறிவுரை, எண்ணெய் தேடிக் கடலில் இறங்கிய மனிதனுக்கு இருமடங்கு பொருந்துவதாயிற்று. அவன் நீரின் ஆழத்தை அளந்தான். அலையின் உயரத்தை அளந்தான். காற்றின் விசையையும் அளந்தான். ஆனால், தான் கால் ஊன்றிய கடற்றரையே ஒருநாள் அசையுமாயின் யாது நிகழும் என்னும் வினாவை அவன் முறையாகக் கேட்பதற்கு நெடுங்காலம் சென்றது. அவ்வினா எவ்வாறு எழுந்தது, அதற்கு விடை காண எங்கெங்கே எத்தகைய விலை கொடுத்துப் பாடம் படிக்க நேர்ந்தது என்பதை இன்று நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

இக்கதை அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, கலிபோர்னியா மாநிலத்திலே தொடங்குகின்றது. அங்கே சாந்தா பார்பரா என்னும் நகருக்கு அருகில் சமர்லாண்ட் என்றொரு சிற்றூர் உண்டு. 1890களின் இறுதியில், அவ்வூர்க் கரையில் எண்ணெய் கண்டவர்கள், அந்த எண்ணெய்ப் படுகை கடலுக்கு அடியிலும் நீண்டு செல்வதை உணர்ந்தார்கள். உடனே கரையிலிருந்து கடலுக்குள் மரப்பாலங்களை நீட்டி, அவற்றின்மேல் துளை கருவிகளை நிறுத்திக் கிணறு தோண்டத் தலைப்பட்டார்கள். கடலிலே எண்ணெய் எடுக்கும் தொழில் அமெரிக்காவிற் பிறந்தது இவ்வாறுதான். அந்த மரக்கால்கள் அலைக்கு அஞ்சின, புயலுக்கு அஞ்சின. பூமியதிர்ச்சியைப் பற்றி அவற்றை நாட்டியவர்கள் கணக்கிட்டதில்லை. கணக்கிடுவதற்கு வேண்டிய அறிவும் அக்காலத்தில் இல்லை.

1925 ஆம் ஆண்டு யூன் 29 ஆந் தேதி காலை, சாந்தா பார்பரா நகரம் துயில் நீங்கும் வேளையில் நிலம் குலுங்கிற்று. நகரின் பெருவீதியில் நின்ற கட்டடங்கள் பல சிதைந்தன. பதின்மூவர் உயிரிழந்தனர். நகருக்கு மேலே நின்ற ஷெபீல்ட் அணையும் அன்று உடைந்தது. மண்ணாற் கட்டப்பட்ட அவ்வணையின் அடியில் நீர் ஊறிய மணல், அதிர்ச்சியினாற் கூழ்போற் குழைந்து, மேலிருந்த பாரத்தைத் தாங்கும் வலியை இழந்ததே அதற்குக் காரணம் என்று பின்னாளில் ஆராய்ந்தோர் முடிவு செய்தனர். நேயர்கள் இச்செய்தியை நினைவில் வைத்திருத்தல் வேண்டும். ஏனெனில் கடலடியிலுள்ள மணல் எந்நாளும் நீர் ஊறியதே. கடல்மேடைகளின் கால்கள் ஊன்றப்படுவதும் அத்தகைய தரையிலேதான்.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1933 ஆம் ஆண்டு மார்ச் 10 ஆந் தேதி மாலை, அதே கலிபோர்னியாவில் லோங் பீச் என்னும் நகரை மற்றொரு பூமியதிர்ச்சி தாக்கியது. ஏறக்குறைய 120 பேர் மாண்டனர். பாடசாலைக் கட்டடங்கள் பல இடிந்து வீழ்ந்தன. நல்வினைப் பயனாக, பிள்ளைகள் யாவரும் வீடு திரும்பிய பின்னரே அது நிகழ்ந்தது. சில மணி நேரம் முந்தியிருந்தால் அந்நகரின் ஒரு தலைமுறையே அழிந்திருக்கும். அந்த அச்சமே, ஒரு மாதத்துக்குள் பாடசாலைக் கட்டடங்களுக்குக் கடுமையான சட்டம் ஒன்றை அம்மாநிலம் இயற்றும்படி செய்தது. அன்று மற்றொன்றும் நிகழ்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் வன்மையான நிலவசைவைப் பதியவல்ல கருவிகள் அப்பகுதியில் நிறுவப்பட்டிருந்தன. அழிவு செய்யும் பூமியதிர்ச்சியொன்றின் அசைவு, அருகே நின்ற கருவியில் எழுத்தாய்ப் பதிந்தது அதுவே முதன்முறை. பின்னர் 1940 ஆம் ஆண்டு மே மாதத்தில் எல் சென்ட்ரோ என்னும் ஊரிற் பதிந்த அதிர்வு, புவியீர்ப்பின் மூன்றில் ஒரு பங்கு அளவான ஆர்முடுகலைக் காட்டியது. அந்த ஒரு பதிவையே பல ஆண்டுகளாக உலகெங்கும் பொறியியலாளர் உரைகல்லாகக் கொண்டனர்.

பதிவு கிடைத்தாற் போதுமா? அதனை வாசித்துப் பொருள் காணும் வழி வேண்டாமா? அவ்வழியை வகுத்தவர் பெல்ஜியத்திற் பிறந்த மொறிஸ் பியோ என்னும் அறிஞர். கலிபோர்னியாத் தொழினுட்பக் கழகத்தில் 1932 ஆம் ஆண்டு அவர் அளித்த ஆய்விலே அதன் வித்து உண்டு. ஜோர்ஜ் ஹவுஸ்னர் என்பார் அதனைப் பின்னர் வளர்த்துப் பொறியியலாளர் கையிற் கொடுத்தார். அதன் சாரம் எளியது. ஒரே காற்றில் நெட்டைத் தென்னை மெல்ல ஆடும். குட்டை வாழை படபடக்கும். ஒவ்வொன்றுக்கும் தனக்கெனவோர் அலைவு காலம் உண்டு. நிலத்தின் அசைவு அந்தக் காலத்தோடு இயைந்து வந்தால் ஆட்டம் பெருகும். இயையாது வந்தால் அடங்கும். ஊஞ்சலை ஆட்டுவோர் யாவரும் அறிந்த உண்மையே இது. ஆகவே ஒரு கட்டடம் பூமியதிர்ச்சிக்கு எவ்வாறு எதிர்வினை செய்யும் என்று அறிய, நிலத்தின் வன்மையை மட்டுமன்றிக் கட்டடத்தின் இயல்பையும் அறிதல் வேண்டும்.

இவ்வாறு கலிபோர்னியர் நிலத்திலே பாடம் படித்துக்கொண்டிருக்க, கடல்மேடைக் கலை வேறொரு கடலில் வளர்ந்தது. 1947 ஆம் ஆண்டு மெக்சிக்கோ வளைகுடாவில், லூயிசியானாக் கரையிலிருந்து பத்து மைலுக்கு அப்பால், 20 அடிக்கும் குறைந்த ஆழத்தில் ஒரு மேடை எழுந்தது. கரையிலிருந்து நோக்குவோர் கண்ணுக்கு எட்டாத தொலைவில் எண்ணெய் கண்ட முதல் மேடை அதுவே. அவ்வளைகுடாவின் பெரும்பகை சூறாவளி. அங்கே மேடை கட்டியவர்கள் அலைக்கும் காற்றுக்கும் எதிராகக் கட்டக் கற்றார்கள். சூறாவளிக்கு ஒரு நற்பண்பு உண்டு: அது சொல்லிவிட்டு வரும். நாட்கணக்கில் முன்னறிவிப்புக் கிடைக்கும். கிணறுகளை மூடி ஆட்களைக் கரைக்குக் கொண்டு சேர்த்துவிடலாம். பின்பு மேடை வீழ்ந்தாலும் வீழ்வது உருக்கு, மனிதர் அல்லர். பூமியதிர்ச்சியோ சொல்லாமல் வரும். அது வரும்போது மேடையில் ஆட்கள் இருப்பார்கள், சிலர் உறங்கிக்கொண்டிருப்பார்கள், கிணறுகள் ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஒரு வேற்றுமையே, நாம் எடுத்துக்கொண்ட பொருளின் உயிர்நிலை.

1958 ஆம் ஆண்டில் இவ்விரு கதைகளும் ஒன்றாகக் கலந்தன. பழைய மரப்பாலங்கள் நின்ற அதே சமர்லாண்ட் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 100 அடி ஆழத்தில், ‘ஹேசல்’ என்னும் உருக்கு மேடை நாட்டப்பட்டது. சூறாவளிக் கடலிற் பிறந்த கலை, பூமியதிர்ச்சி நாட்டுக்கு வந்து சேர்ந்தது. பின்வந்த மேடைகள் மேலும் மேலும் ஆழத்துக்குச் சென்றன. 1976 ஆம் ஆண்டு அதே கால்வாயில் நாட்டப்பட்ட ‘ஹோண்டோ’ 840 அடிக்கு மேற்பட்ட ஆழத்தில் நின்றது.

இங்கே, இம்மேடைகளின் அமைப்பைச் சற்று நோக்குவோம். நீண்ட உருக்குக் குழாய்களைக் கால்களாக நிறுத்தி, அவற்றிடையே குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்களைப் பொருத்திய கூடு ஒன்று கடலடியில் நிற்கும். அதன் கால்களினூடாக வேறு குழாய்களைக் கடற்றரைக்குள் ஆழ அடித்திறக்கி, கூட்டைத் தரையோடு பிணிப்பர். கூட்டின் உச்சியில், அலைக்கு எட்டாத உயரத்தில், தளங்களும் இயந்திரங்களும் உறைவிடங்களும் அமையும். அலை இக்கூட்டை மேற்புறத்திலே பிடித்துத் தள்ளுகின்றது. பூமியதிர்ச்சியோ காலைப் பிடித்து இழுக்கின்றது. கால் ஒரு புறம் இழுபடும்போது, உச்சியிலுள்ள ஆயிரக்கணக்கான தொன் பாரம், சடத்துவத்தினால், இருந்த இடத்திலேயே நிற்க முயலும். அந்த இழுபறியே சட்டங்களை முறுக்குகின்றது. கூட்டின் கால்கள் அசையும்போது அவற்றைச் சூழ்ந்த நீரும் உடன் அசைய வேண்டியிருக்கின்றது. ஆகையால் அந்நீரின் திணிவையும் மேடையின் திணிவோடு சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும். பெரும்புயலின் அலைகள் பத்துச் செக்கனுக்கு மேல் இடைவிட்டு வருவன. கடற்றரையில் ஊன்றிய உருக்கு மேடையின் அலைவு காலமோ பெரும்பாலும் ஒரு செக்கனுக்கும் ஐந்து செக்கனுக்கும் இடைப்பட்டது. அலைக்கு இயையாத மேடை பூமியதிர்ச்சிக்கு இயைந்துவிடக்கூடும். புயலைத் தாங்கிய மேடை என்னும் நற்சான்று, பூமியதிர்ச்சியைத் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது என்பதன் காரணம் இதுவே.

1964 ஆம் ஆண்டு உலகுக்கு இரு பெரும் பாடங்களைத் தந்தது. மார்ச் 27 ஆந் தேதி மாலை, அலாஸ்காவை 9.2 பருமனான பூமியதிர்ச்சி தாக்கி, நான்கு நிமிடங்களுக்கு மேலாக உலுக்கியது. அங்கோறேச் நகரில் வீடுகள் நின்ற நிலமே துண்டு துண்டாய்ப் பிளந்து கடலை நோக்கிச் சரிந்தது. யூன் 16 ஆந் தேதி யப்பானின் நீகாட்டா நகரை மற்றோர் அதிர்ச்சி தாக்கியபோது, நான்கு மாடிக் கட்டடங்கள் சுவரிற் பெரும் பிளவுமின்றி அப்படியே சாய்ந்து படுத்தன. கட்டடத்திற் குறையில்லை, கீழிருந்த மணல் நீர்போல் ஆகிவிட்டது. சாந்தா பார்பராவின் அணையில் நிகழ்ந்தது இங்கே ஒரு நகரம் முழுவதற்கும் நிகழ்ந்தது. பொல்டன் சீட் முதலிய மண்ணியல் அறிஞர் இதனை ஆய்வுகூடத்தில் ஆராய்ந்து கணக்குக்குள் கொண்டுவந்தனர். அதே 1964 ஆம் ஆண்டில், அலாஸ்காவின் குக் கடற்கழியில் நிலையான எண்ணெய் மேடை முதன்முதலாக நாட்டப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்த்தால், இவ்வாராய்ச்சியின் அவசரம் விளங்கும்.

கடற்றரை சரிவது வெறும் அச்சமன்று என்பதை 1969 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் காட்டியது. கமீல் என்னும் சூறாவளி மிசிசிப்பி ஆற்று முகத்துவாரத்தைக் கடந்தபோது, பேரலைகளின் அழுத்தத்தினாற் கடலடிச் சேறு சரிந்தது. முந்நூறு அடிக்கு மேற்பட்ட ஆழத்தில் நின்ற புதிய மேடையொன்றை அது வீழ்த்திற்று. அங்கே சேற்றைச் சரித்தது அலை; வேறிடத்தில் அதனைப் பூமியதிர்ச்சியும் சரிக்கலாம். அவ்வாண்டு ஒக்டோபரிலேதான், கடல்மேடைகளைத் திட்டமிடுவதற்கான பொது வழிகாட்டு நூலை அமெரிக்கப் பெற்றோலிய நிலையம் முதன்முறையாக வெளியிட்டது.

அவ்வழிகாட்டி பூமியதிர்ச்சி பற்றி இன்று கூறும் முறையை உருவாக்கியதில், 1971 ஆம் ஆண்டு பெப்ருவரி 9 ஆந் தேதி நிகழ்ந்த சான் பெர்னாண்டோப் பூமியதிர்ச்சிக்குப் பெரும்பங்கு உண்டு. பக்கோய்மா அணைக்கு அருகில் நின்ற கருவி, புவியீர்ப்பையும் விஞ்சிய ஆர்முடுகலை அன்று பதிந்தது. எல் சென்ட்ரோவின் மூன்றில் ஒரு பங்கைக் கண்டு நிறைவுற்றிருந்தவர்கள் திடுக்குற்றனர். புதிதாகக் கட்டப்பட்ட வைத்தியசாலை ஒன்று பயனற்றதாய்ச் சாய்ந்தது. ஆயினும் அதன் தூண்களிலே ஒரு நுட்பம் தெரிந்தது. கொங்கிறீற்றினுள்ளே கம்பியை நெருக்கமாகச் சுருள் சுற்றியிருந்த தூண்கள் பெரிதும் வளைந்தும் சுமையைக் கைவிடவில்லை. கம்பியை ஆங்காங்கே கட்டியிருந்த தூண்களோ நொறுங்கின. வன்மை வேறு, முறியாது வளையும் தன்மை வேறு என்பதை அத்தூண்கள் எடுத்துக் காட்டின.

இவ்வுண்மையின் மேல் எழுந்ததே, கடல்மேடைக்கு இரு வினாக்களை விடுக்கும் முறை. முதலாவது வினா: மேடையின் வாழ்நாளில் வந்தாலும் வரக்கூடிய அதிர்ச்சி ஒன்று வருமாயின், மேடை சேதமின்றித் தொடர்ந்து பணி செய்யுமா? இரண்டாவது வினா: மிக அரிதான பேரதிர்ச்சி ஒன்று வருமாயின், சட்டங்கள் நெளியினும் கால்கள் வளையினும், மேடை வீழாது நின்று ஆட்களைக் காக்குமா? 2004 ஆம் ஆண்டு வெளிவந்த அனைத்துலக நியமமும் இவ்விரு படிகளையே வகுத்தது. முக்கியமான மேடைகளுக்கு முதற்படி, குறைந்தது 200 ஆண்டுகளுக்கு ஒருமுறை எனக் கணிக்கப்படும் அதிர்ச்சி. இரண்டாம் படி, ஆயிரம் ஆண்டுக் கணக்கிற் செல்லும். ‘200 ஆண்டுக்கு ஒருமுறை’ என்றால், இன்னும் 200 ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று பொருளன்று. முப்பது ஆண்டுகள் நிற்கும் மேடை, அத்தகைய அதிர்ச்சியைக் காண்பதற்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பதினான்கு வாய்ப்பு உண்டு. ஏழில் ஒரு பங்கு வாய்ப்பை யாரும் அசட்டை செய்தல் ஆகாது.

புதிய மேடையைக் கட்டுவது ஒரு கலை. பழைய மேடையை மதிப்பிடுவது அதனினும் அரிய கலை. 1958 ஆம் ஆண்டு நாட்டிய மேடையிடம், அப்போது பிறவாத விதிகளின்படி ஏன் கட்டப்படவில்லை என்று கேட்பதிற் பயனில்லை. இன்று நீ எந்நிலையில் இருக்கின்றாய், எவ்வளவு தாங்குவாய் என்றே கேட்க வேண்டும். அதற்கென ஒரு முறை 1990களில் வகுக்கப்பட்டது. முதலில் கடற்றரையைச் சோதிப்பர். மணல் குழையுமா, சேறு சரியுமா, மென்களி அதிர்ச்சியைப் பெருக்குமா என்று பார்ப்பர். 1985 ஆம் ஆண்டு செப்டெம்பரில், நெடுந்தொலைவில் எழுந்த அதிர்ச்சி மெக்சிக்கோ நகரின் பழைய ஏரிப்படுகையிற் பெருகி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதை அவர்கள் மறப்பதில்லை. அடுத்து நீர்மூழ்குவோரை இறக்கி, துருவையும் வெடிப்பையும் காண்பர். பின்னர் கணிப்பொறியில் மேடையின் உருவை அமைத்து, பதிவு செய்யப்பட்ட அதிர்வுகளை அதன் காலடியில் ஏவி, எந்தச் சட்டம் முதலில் நெளியும், அது நெளிந்தபின் அதன் பாரத்தை எது ஏற்கும் என்று ஒவ்வொன்றாகத் தேடுவர். ஒரு சட்டம் கெட்டால் மற்றொன்று கைகொடுக்கும் மேடையே நன்மேடை. ஒன்று கெட அனைத்தும் கெடும் மேடை, புறத்தோற்றத்தில் எவ்வளவு பருத்திருப்பினும் ஐயத்துக்குரியதே.

கூடு நின்றுவிட்டால் மட்டும் போதாது. 1988 ஆம் ஆண்டு யூலை 6 ஆந் தேதி வடகடலில் ‘பைப்பர் அல்பா’ என்னும் மேடை எரிந்து 167 பேர் மாண்டனர். அது பூமியதிர்ச்சியால் நேர்ந்ததன்று. வாயு கசிந்ததால் நேர்ந்தது. எனினும், குழாயிலிருந்து வாயு கசியுமாயின் கடல் நடுவே ஓட இடமில்லை என்னும் கொடிய உண்மையை அது உலகுக்கு உரைத்தது. ஆகவே பூமியதிர்ச்சி மதிப்பீடு செய்வோர் தளத்திலும் நடந்து பார்ப்பர். தாங்கிகள் திருகாணியாற் பிணிக்கப்பட்டுள்ளனவா, குழாய்கள் சற்றே அசைய இடமுண்டா, மின்கலங்கள் அடுக்கிலிருந்து வீழுமா, உயிர்காப்புப் படகுக்குச் செல்லும் வழி அடைபடுமா என்று நோக்குவர். பெருங்கணக்குகளாற் காணமுடியாத குறையை, சில வேளைகளில் ஒருவர் கையிற் பிடித்த கைவிளக்கு கண்டுவிடுகின்றது.

ஆழிப்பேரலை பற்றியும் நேயர்கள் கேட்கக்கூடும். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் தேதியை நம் கரைகள் மறக்கவியலாது. ஆனால் அப்பேரலை புறப்பட்டு இரண்டு மணி நேரத்தின் பின் ஆழ்கடலில் அதனைச் செயற்கைக்கோள் அளந்தபோது, அதன் உயரம் ஒரு மீற்றரைக்கூட எட்டவில்லை. கரையை அடுத்து ஆழம் குறையும்போதே அது மலையாய் எழுகின்றது. எனவே ஆழ்கடல் மேடைக்கு அதனால் வரும் இடர் சிறிது. ஆழங்குறைந்த கரையோர மேடைக்கும், மேடையிலிருந்து எண்ணெய் சென்றடையும் துறைக்கும் அது பெரிது.

இவ்வறிவெல்லாம் ஒன்றுதிரண்ட இடம் ஒன்று உண்டு. ருஷ்யாவின் கீழ்க்கோடியில் சகாலின் என்னும் தீவு. 1995 ஆம் ஆண்டு மே 28 ஆந் தேதி நள்ளிரவுக்குப் பின், அத்தீவின் வடபகுதியில் எண்ணெய்த் தொழிலாளர் வாழ்ந்த நெப்தேகோர்ஸ்க் என்னும் ஊரைப் பூமியதிர்ச்சி தாக்கியது. உறங்கிக்கொண்டிருந்தவர்களின்மேல் மாடிவீடுகள் வீழ்ந்தன. சுமார் இரண்டாயிரம் பேர் மடிந்தனர். ஊர் மீண்டும் கட்டப்படவில்லை. அத்தீவின் கிழக்குக் கடலில் 2006 ஆம் ஆண்டிலும் 2007 ஆம் ஆண்டிலும் இரு பெரும் மேடைகளின் தளங்கள் கொங்கிறீற்றுக் கால்களின்மேல் ஏற்றப்பட்டன. ஒவ்வொரு தளமும் இருபதாயிரம் தொன்னுக்கு மேற்பட்டது. காலுக்கும் தளத்துக்கும் இடையே, குழிந்த கிண்ணம் போன்ற உருக்குத் தாங்கிகளை வைத்தனர். அதிர்ச்சி வரும்போது கால் ஆடும். தளமோ கிண்ணத்தின்மேல் மெல்ல வழுக்கி, ஊசல்போல் மீண்டும் நடுவிடத்துக்கு வந்து நிற்கும். எதிர்த்து நிற்பதைவிட இணங்கி நிற்பது நன்று என்னும் அறிவின் உருவம் அது.

இத்தனையும் கூறியபின், ஓர் உண்மையை மறைத்தல் தகாது. 1978 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13 ஆந் தேதி சாந்தா பார்பராவை அதிர்ச்சியொன்று தாக்கியது. தரையிலே தொடர்வண்டி ஒன்று தடம் புரண்டது. கால்வாயில் நின்ற மேடைகள் வீழவில்லை. இது மகிழத்தக்க செய்தியே. எனினும் அது நடுத்தரமான அதிர்ச்சி. முதல் வினாவுக்கு அது ஓரளவு விடை தந்ததேயன்றி, இரண்டாம் வினாவுக்கு விடை தரவில்லை. அக்கால்வாயின் மேடைகள், தமக்கென வகுக்கப்பட்ட பேரதிர்ச்சியை நேரிற் கண்டவையல்ல. ‘ஹேசல்’ மேடையோ 1996 ஆம் ஆண்டு, அத்தேர்வை எழுதாமலே கழற்றி அகற்றப்பட்டது. தேர்வு எழுதாத மாணவன் தேறியவனாகான், தவறியவனும் ஆகான்.

ஆகவே, பல்லாண்டுகள் வீழாது நின்றது என்பதனால் மட்டும் ஒரு மேடையை நம்புதல் அறிவுடைமையன்று. கடல்மேடையின் கணக்குகளில் உள்ள எண்கள் யாவும் நிலத்திலே பிறந்தவை: உடைந்த அணையிலும், இடிந்த பாடசாலையிலும், சாய்ந்த வைத்தியசாலையிலும், மண்ணோடு மண்ணான ஒரு தொழிலாளர் ஊரிலும் பிறந்தவை. அவற்றை மறவாது, ஒவ்வொரு மேடையையும் காலத்துக்குக் காலம் மீண்டும் மதிப்பிடுதல் வேண்டும். சொல்லாமல் வரும் ஒன்றுக்கு விடை சொல்லும் நேரம், அது வருமுன்னர் மட்டுமே உண்டு.